அளவுக்கு மீறிய சந்தேகம்

குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்த அன்று, தராசக்கா கதவைப் பிடித்தபடி நின்று அதை மூன்று தடவை படித்தாள். நல்ல தடித்த தாள். மேலே ஒரு சிரித்த முகம். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை முத்திரை. 'தங்கள் குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு கண்டு நிர்வாகம் மகிழ்ச்சி அடைகிறது. தாங்களும் அடையவும்.'

அவளால் அடைய முடியவில்லை. நிர்வாகத்தை அப்படி மகிழ்வித்த குழந்தை உள்ளே கட்டிலில் சுருண்டு கிடந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, இன்னைக்குப் பரீட்சை ரொட்டி ஒண்ணு போதுமா?" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தது.

தராசக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சந்தையில் கோணிக்கொண்ட தராசு, அடம் பிடிக்கும் எடை மெஷின், எதை வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டும் மகா பிடிவாதக்கார மெஷின் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, "உனக்கு என்னடா கண்ணு பண்ணுது?" என்று கேட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். மகளுக்கு ஏழு வயது. உருவத்தில் ஐந்து. அதனால் கூப்பிடும் பெயர் சுண்டு. கையும் காலும் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பந்து மாதிரி. சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் சோர்வு, இரண்டுக்கும் நடுவில் வயிற்றுப்போக்கு.

தெருமுனை கிளினிக்கில் இருந்த டாக்டரம்மாதான் முதலில் சொன்னார். "சீலியாக் நோயா இருக்குமோன்னு எனக்குத் தோணுது. கோதுமையில க்ளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. சில குழந்தைங்களுக்கு அது குடலுக்குள்ள போனா, உடம்பு அதை எதிர்க்கப் போய்த் தன் குடலையே புண்ணாக்கிக்கும். ரத்தம் பார்த்தா ஓரளவு தெரியும். ஆனா ஒண்ணு. சோதனை எல்லாம் முடியற வரைக்கும் கோதுமையை நிறுத்தாதீங்க. தினம் ரெண்டு துண்டு ரொட்டியாவது குடுங்க. நிறுத்திட்டா உடம்பு எதிர்க்கிறதையும் நிறுத்திடும், ரத்தத்துல ஒண்ணும் தெரியாது."

சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் பிரசவ விடுப்பில் போய்விட்டார். வயிற்றுப்பிள்ளை காத்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

அன்றிலிருந்து காலையில் ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு துண்டு. வலிக்கும் என்று தெரிந்தே பெற்றவள் தன் கையால் ஊட்டவேண்டும். "இது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிடா தங்கம். உன் ரத்தம் பரீட்சை எழுதப் போகுது. ரொட்டி சாப்பிட்டாத்தான் சரியான பதில் எழுதும்" என்று சொல்லி வைத்திருந்தாள். சுண்டு நல்ல பிள்ளை. மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தது.

இப்போது முடிவு வந்துவிட்டது. வாழ்த்துக்குப் பின்னால் இருந்த தாளில் இரண்டே வரி. முதல் வரி: 'டிடிஜி ஐஜிஏ: 0.2. பத்துக்குக் கீழ் இருக்கலாம்.' பச்சை. இரண்டாவது வரி: 'மொத்த ஐஜிஏ: 5க்கும் குறைவு. முப்பதிலிருந்து இருநூறு வரை இருக்கவேண்டும்.' அதற்கும் பச்சை.

தராசக்காவுக்கு ஐஜிஏ என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆனால் முப்பது இருக்கவேண்டிய இடத்தில் ஐந்துகூட இல்லை என்றால் தட்டில் ஏதோ குறைகிறது என்பது தெரியும். அதைத்தானே அவள் இருபது வருஷமாகப் பார்த்துவருகிறாள்.

மறுநாள் சுண்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே 'முடிவு விளக்கப் பிரிவு' என்று ஒன்று உண்டு. பளபளவென்று தரை, வரிசையாக நாற்காலி, மூலையில் குழந்தைகளை நிறுத்தும் எடை மெஷின், சுவரில் புகார்ப் பெட்டி. பெட்டிக்குத் துவாரம் கிடையாது. தூசி உள்ளே போய்விடும் என்று மூடிவிட்டார்களாம். கவுண்டரில் முத்திரையம்மா இருந்தார். பெரிய கண்ணாடி, சின்ன வாய். வலது பக்கம் பச்சை முத்திரை, இடது பக்கம் சிவப்பு முத்திரை. பச்சையின் கைப்பிடி தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. சிவப்பின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது.

"டாக்டரைப் பார்க்கணும்மா" என்றாள் தராசக்கா.

"தாள் என்ன நிறம்?"

"பச்சை."

"பச்சைக்கு டாக்டர் கிடையாது. சிவப்புக்குத்தான் டாக்டர். பச்சைக்கு வாழ்த்துக் கூட்டம். நேரா போய் வலது பக்கம்."

"பிள்ளைக்கு வயிறு வலிக்குதும்மா."

"வலிக்கு நிறம் இல்லையே" என்றார் முத்திரையம்மா. கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வாழ்த்துக் கூட்டத்தில் முப்பது பெற்றோர், முப்பது பிள்ளைகள். பாதிப் பிள்ளைகள் பெற்றோர் மடியில் துவண்டு கிடந்தார்கள். நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பலூன் கட்டியிருந்தது. ஒரு கூடையில் பிஸ்கட் வைத்துப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். சுண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது கோதுமைதானே? பரீட்சையில சேருமா?"

"சேரும்டா. சாயங்காலம் அரைத் துண்டு குறைச்சுக்கலாம்."

"அப்போ இன்னொண்ணு கேளும்மா. முழுசா குறைஞ்சுடும்."

விளக்க அதிகாரி மேடைக்கு வந்தார். கஞ்சி போட்ட சட்டை, சட்டையில் பெயர்ப்பட்டை. சட்டை மடிப்பு கலையாமல் கைகூப்பத் தெரிந்த மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெற்றோர்களே! மூணு வருஷத்துக்கு முன்னாடி இங்க நூறு தாள் வந்தா நாப்பது சிவப்பு. நீங்க அழுதீங்க. டாக்டர்கள் களைச்சுப் போனாங்க. அப்பத்தான் எங்க பிரிவு உட்கார்ந்து யோசிச்சது. நோயைக் குறைக்கணும்னா டாக்டர் வேணும், மருந்து வேணும், காலம் வேணும். சிவப்பைக் குறைக்கணும்னா? மை மட்டும் போதும்! அளவுக்கு மேல போற எண்ணுக்கு மட்டும்தான் இனிமே சிவப்பு. மத்ததெல்லாம் பச்சை. இப்போ நூத்துக்கு ஒரு சிவப்பு வந்தாலே அதிகம். இதை எங்களோட சாதனைன்னு நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

கை தட்டினார்கள். தட்டாமல் இருந்தால் பிஸ்கட்டைத் திருப்பிக் கேட்பார்களோ என்று சிலர் பலமாகத் தட்டினார்கள். தராசக்கா கையைத் தூக்கினாள்.

"சார், எங்க தாள்ல ரெண்டாவது வரியில குறைவுன்னு போட்டிருக்கு. ஆனா பச்சை அடிச்சிருக்கீங்களே?"

"குறைவு நல்லதுதானேம்மா!" அதிகாரி முகம் மலர்ந்தது. "காய்ச்சல் குறைஞ்சா நல்லது. சளி குறைஞ்சா நல்லது. கூட்டம் குறைஞ்சா நல்லது. புகார் குறைஞ்சா ரொம்ப நல்லது."

"பிள்ளை எடை குறைஞ்சா?"

அதிகாரி சுண்டுவைக் கண்ணாலேயே எடை போட்டார். "தூக்கறதுக்கு உங்களுக்குச் சுலபம்" என்றார். அப்புறம் குனிந்து, 'தாய் விளக்கம் பெற்றார்' என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

தாய் விளக்கம் பெறவில்லை. வெளியே வந்து ரத்தம் எடுக்கும் அறையைத் தேடிப் போனாள். அன்றைக்கு ஒரே குத்தில் வலிக்காமல் ரத்தம் எடுத்த ஊசிக்கார அக்கா அங்கே இருப்பாள் என்ற நம்பிக்கை. இருந்தாள். தாளைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. வாயைத் திறந்தாள். பிறகு சுவரைப் பார்த்து மூடிக்கொண்டாள். சுவரில் பலகை: 'பெற்றோருக்கு விளக்கம் அளிப்பது விளக்கப் பிரிவின் தனி உரிமை. மற்றவர் விளக்கினால் நடவடிக்கை.'

"என்னக்கா, சொல்லேன்" என்றாள் தராசக்கா.

"உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசக்கூடாதும்மா. போன மாசம் ஒருத்தருக்கு ரத்த வகை என்னன்னு சொன்னதுக்கே விளக்கம் கேட்டு ஓலை வந்தது." அக்கா பலகையை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, சுண்டுவின் கன்னத்தைத் தட்டினாள். "ஆனா பெற்றோருக்குன்னுதான் போட்டிருக்கு. பாப்பாவுக்குன்னு போடலையே. ஏன் பாப்பா, உங்க ஸ்கூல்ல பிள்ளைங்க என்ன நிறச் சட்டை போடுவாங்க?"

"பாதிப் பேர் சிவப்பு. பாதிப் பேர் நீலம்."

"ம். இப்போ ஸ்கூல்ல யாரெல்லாம் ரொட்டிகூட சண்டை போடறாங்கன்னு நான் எண்ணணும். ஆனா என் கண்ணுக்குச் சிவப்புச் சட்டை மட்டும்தான் தெரியும். எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சட்டை ஒருத்தர்கூட சண்டை போடல. அதனால, இந்த ஸ்கூல்ல சண்டையே இல்லைன்னு எழுதிட்டேன். சரியா?"

"நீலச்சட்டைக்காரங்க போட்டா?"

"அதானே! அதுவும் உங்க ஸ்கூல்ல சிவப்புச் சட்டை போட்ட பிள்ளையே ஒருத்தரும் கிடையாதுன்னு வெச்சுக்கோ. அப்போ நான் எத்தனை தடவை எட்டிப் பார்த்தாலும்?"

"பூஜ்யம்தான் வரும்." சுண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க நீலச்சட்டையை எண்ணணும் அக்கா. இதுகூடத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் பாப்பா. ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புப் பொருள்ல சிவப்புச் சட்டைக்குப் பேரு ஐஜிஏ. உன் உடம்புல அது அநேகமா இல்லவே இல்ல. சில பிள்ளைங்க அப்படித்தான் பொறக்கும், பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. நீலச்சட்டைக்குப் பேரு ஐஜிஜி. அதை வெச்சு எண்ணற சோதனை தனியா இருக்கு. ஆனா டாக்டர் எழுதினாத்தான் நான் எடுக்க முடியும்." எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தராசக்காவைப் பார்த்தாள். "உங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

"நானும் ஒண்ணும் கேக்கல" என்றாள் தராசக்கா. அவளுக்குள் பளிச்சென்று விளக்கு எரிந்திருந்தது. சந்தையில் புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு அவள் சொல்வது இதைத்தான்: தட்டில் ஒன்றுமே வைக்காவிட்டாலும் மெஷின் பூஜ்யம் காட்டும், உள்ளே கம்பி அறுந்திருந்தாலும் பூஜ்யம் காட்டும். இரண்டையும் ஒன்று என்று நம்பினால் கடையை மூடவேண்டியதுதான்.

அன்று மதியம் புருஷன் போன் செய்தான். சரக்கு லாரி ஓட்டுகிறவன், எங்கேயோ பாதி வழியில் நின்றிருந்தான். "என்ன சொல்றாங்க ஆஸ்பத்திரியில?"

"பாராட்டறாங்க."

"எதுக்கு?"

"தெரியல. ஊதிக்கச் சொல்லி ஒரு பலூன் குடுத்தாங்க."

அவன் இன்ஜினை அணைத்தான். "பிள்ளை எப்படி இருக்கா?"

"பலூனை அவளால ஊத முடியல. ரெண்டு தரம் ஊதிட்டுப் படுத்துட்டா." சொன்னபடியே ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். "ஏங்க, இந்த ரொட்டியை நிறுத்திடட்டுமா? என்னால முடியலங்க. தட்டை எடுத்துட்டு வந்தாலே என் மூஞ்சியைப் பார்க்கிறா."

"நிறுத்திட்டா சோதனை பொய் சொல்லும்னுதானே அந்த டாக்டரம்மா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்போ இதுவரைக்கும் அவ தின்னதெல்லாம் வீணாப் போயிடும்டி."

அவன் சொன்னதும் சரிதான். நிறுத்தினால் பட்ட வலி வீண். நிறுத்தாவிட்டால் இன்னும் வலி. ஆஸ்பத்திரி ஒரு நாள் தள்ளிப்போட்டால் இன்னும் இரண்டு துண்டு. பாவம், அந்த வீட்டில் காலமே ரொட்டித் துண்டுகளால்தான் ஓடியது.

சந்தேகம் இருந்தால் அதற்கு ஒரு படிவம் உண்டு என்று முத்திரையம்மா சொல்லி, தராசக்கா வாங்கி வந்தாள். 'சந்தேக விண்ணப்பம்.' முதல் கேள்வி: 'தங்கள் சந்தேகம் தீர்ந்துவிட்டதா? ஆம் அல்லது ஏற்கனவே.' இரண்டாவது: 'தீராததற்குக் காரணம் தாங்களா அல்லது தங்கள் உறவினரா?' மூன்றாவது: 'தங்கள் மகிழ்ச்சியை மூன்று வரிகளில் விவரிக்கவும்.' கடைசியில், 'இதே சந்தேகம் தங்களுக்கு முன்பு வேறு எவருக்கும் வரவில்லை என்பதற்குச் சான்று இணைக்கவும்.' அவள் எல்லாவற்றையும் குறுக்கே அடித்துவிட்டு, 'பிள்ளைக்கு வலிக்கிறது, டாக்டரைப் பார்க்கவேண்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

'சந்தேக ஆய்வுக் குழு' பதினான்காம் நாள் அழைத்தது. இருபத்தெட்டுத் துண்டு. சாயங்காலத் துண்டில் பாதியைச் சுண்டு தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்ததும், மறுநாள் தானே எடுத்து வந்து, "பரீட்சையில காப்பி அடிக்கக்கூடாதும்மா" என்று அழுதுகொண்டே தின்றதும் அந்தப் பதினான்கு நாளில்தான் நடந்தது.

சுண்டுவையும் தூக்கிக்கொண்டு போனாள். குழு அறையில் நீள மேசை, மூன்று நாற்காலி. நடு நாற்காலியில் அதே விளக்க அதிகாரி. சட்டையில் வேறு பெயர்ப்பட்டை குத்தியிருந்தார். பக்கத்தில் முத்திரையம்மா, இரண்டு முத்திரைகளோடு. மூன்றாவது நாற்காலி காலி.

"உட்காருங்க. நான் குழுத் தலைவர். விளக்க அதிகாரி உங்களுக்கு என்ன விளக்கம் குடுத்தார்?"

"நீங்கதானே சார் குடுத்தீங்க? குறைவு நல்லதுன்னு."

"அவர் அப்படிச் சொன்னாரா?" தலைவர் முத்திரையம்மாவைப் பார்த்தார். "அவர் அனுபவசாலி. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அந்த நாற்காலி யாருக்கு சார்?"

"டாக்டர் உறுப்பினருக்கு. நாலு வருஷமா ஆள் போடல. ஆனா ஒரு கூட்டத்துலகூட அவர் எங்களை எதிர்த்ததில்ல. ரொம்ப ஒத்துழைப்பு."

முத்திரையம்மா ஒரு தாளில் கோடு போட்டார். தராசக்கா கவனிக்கவில்லை. அவளுக்கு ரத்தம் சூடேறிக்கொண்டிருந்தது.

"சார், மொத்த ஐஜிஏ இல்லாத பிள்ளைக்கு ஐஜிஏவை எண்ணினா பூஜ்யம்தானே வரும்? அந்தப் பூஜ்யத்தை நம்பலாமா? ஐஜிஜி சோதனை ஏன் பண்ணல? ரெண்டு வரியையும் சேர்த்துப் படிச்சது யாரு?"

"நாங்க வரி வரியாத்தான் படிப்போம். சேர்த்துப் படிச்சா குழப்பம் வரும். நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா?"

"தராசு."

"அப்படி ஒரு படிப்பு இருக்கா?"

"எழுந்து வாங்க சார், காட்டறேன்."

அவள் கதவைத் திறந்துவிட்ட தோரணையில் அதிகாரி எழுந்து வந்துவிட்டார். முத்திரையம்மாவும் இரண்டு முத்திரையும் விதிப்புத்தகமுமாகப் பின்னாலேயே வந்தார். வெளியே கவுண்டர் மூலையில் அந்த எடை மெஷின். முதல் நாளே அதன்மேல் அவள் கண் விழுந்திருந்தது. எந்தப் பிள்ளை ஏறினாலும் பூஜ்யம் காட்டும், எழுதுகிறவர் 'இயல்பு' என்று எழுதுவார்.

"ஏறுங்க."

ஏறினார். நல்ல கனமான மனிதர். மெஷின் முனகியது. எண்: பூஜ்யம்.

"உங்க எடை பூஜ்யம் சார்" என்றாள் தராசக்கா. "அதாவது நீங்க இங்க இல்லவே இல்ல. பச்சை அடிச்சு வீட்டுக்கு அனுப்பிடலாமா? இல்ல, மெஷினுக்குள்ள கம்பி அறுந்திருக்கான்னு பார்க்கலாமா?"

காத்திருந்த பெற்றோர் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி குனிந்து பூஜ்யத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நிஜமான மகிழ்ச்சி இருந்தது.

"குறைஞ்சிருக்கே! போன வருஷம் தொண்ணூத்தி ரெண்டு" என்றார். "நடக்கறேன்ல, தினமும்."

முத்திரையம்மா பழக்க தோஷத்தில் பச்சை முத்திரையை எடுத்து அவர் நோட்டில் ஒரு குத்து குத்தினார்.

தராசக்காவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கேள்விதான் வந்தது. "சார், உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படி வந்தா ரெண்டாவது வரியைப் படிப்பீங்களா, மாட்டீங்களா? இவ இன்னும் எத்தனை நாள் வலியோட ரொட்டி தின்னணும்? டாக்டரைப் பார்க்கிறதுக்குப் பிள்ளைக்கு நிறம் ஏன் மாறணும்? மாறலைன்னா இவ யார்கிட்ட போய்ச் சொல்லுவா?"

"ஐயா" என்றார் முத்திரையம்மா.

"என்ன?"

"பதினொண்ணு ஆச்சுங்க."

"மணியா?"

"சந்தேகம். உட்கார்ந்ததிலேர்ந்து எண்ணிட்டு வர்றேன். விதிப்படி பெற்றோர் சந்தேகம் இயல்பு அளவு பூஜ்யத்திலேர்ந்து மூணு வரைக்கும். இந்த அம்மாவுக்குப் பதினொண்ணு."

"அதனால?"

"அளவுக்கு மேல போனா சிவப்புங்க. நீங்க போட்ட விதிதான்."

அதிகாரி கையை நீட்டினார். விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். திறந்திருந்த கதவு வழியாகக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அது வழக்கம்போல் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

முத்திரையம்மா சிவப்பின் மேலிருந்த துணியை எடுத்தார். மை காய்ந்து கிடந்தது. வாயருகே கொண்டுபோய் இரண்டு ஊது ஊதி, ஒரு புதுத் தாளில் ஓங்கிக் குத்தினார். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிரித்ததா என்று கேட்டால், தராசக்கா இன்றைக்கும் உறுதியாகச் சொல்லமாட்டாள்.

நோயாளி: தாய். வயது: முப்பத்தாறு. கோளாறு: சந்தேகம். அளவு: பதினொன்று. உடன் வந்தவர்: ஏழு வயது மகள், துணைக்கு.

டாக்டர் அறை வாசலில் பத்து நாற்காலி போட்டிருந்தது. பத்தும் காலி. சிவப்பு குறைந்ததிலிருந்து அவருக்கு ஆள் வரத்து நின்றுபோயிருந்தது. உள்ளே நரைத்த மீசையோடு ஒருவர் ஜன்னல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செடி அழுகும் நிலைக்கு வந்திருந்தது. வேறு வேலை இல்லாததால் அடிக்கடி ஊற்றியிருக்கிறார், பாவம்.

"வாங்க, வாங்க!" ஆளைப் பார்த்ததும் டாக்டருக்குக் கைகால் ஓடவில்லை. தாளை வாங்கினார். "சந்தேகமா? எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மாசமா டாக்டர்."

"நீங்க நல்லா சாப்பிடறீங்களா?"

"நான் சாப்பிடறேன். எனக்குத் துணையா வந்திருக்காளே, இவளுக்குத்தான் சாப்பிட்டா வலிக்குது." ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்தாள். "இதுதான் டாக்டர் என் வியாதி."

டாக்டர் முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"இதுக்கா பச்சை அடிச்சாங்க?"

"வாழ்த்தும் சொன்னாங்க."

"முதல் எண்ணை நம்பலாமா கூடாதான்னு சொல்றதுக்குத்தானேம்மா ரெண்டாவது எண்ணையே பார்க்கிறோம்!" அவர் பேனாவைத் தேடினார். நீண்ட நாளாக எடுக்காததால் அது எங்கேயோ போயிருந்தது. சுண்டு மேசைக்கு அடியில் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். "ஐஜிஜி வகைச் சோதனை எழுதறேன். ஆமா, கோதுமையை நிறுத்திட்டீங்களா?"

"இல்ல டாக்டர். தினம் ரெண்டு துண்டு."

"நல்லவேளை. ரொம்ப நல்ல வேலை செஞ்சீங்க."

அவ்வளவுதான். இரண்டு மாசமாகக் கல் மாதிரி நின்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வலியை ஊட்டிய கைக்கு, நீ செய்தது சரி என்று ஒருவர் சொல்லக் கேட்க எத்தனை வாசல் ஏறவேண்டியிருந்தது!

சுண்டு அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "அழாதம்மா. பேஷன்ட்டு நீதான்னு நினைச்சு ஊசி போட்டுடப் போறாங்க."

ஊசி சுண்டுவுக்குத்தான் போட்டார்கள். ஊசிக்கார அக்கா ரத்தம் எடுக்கும்போது, "நீலச்சட்டையை நல்லா எண்ணுங்க அக்கா" என்று சுண்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முடிவு வந்தது. இருக்கவேண்டிய அளவைப் போல எட்டு மடங்கு. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. விளக்க அதிகாரியே கறுப்பு ஓரம் போட்ட கடிதத்தோடு பிரிவின் வாசல் வரை வந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு, "நிர்வாகம் ஆழ்ந்து வருந்துகிறது" என்றார்.

"சிவப்பா சார்? நிஜமாவா?" தராசக்கா கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "நன்றி சார்! ரொம்ப நன்றி!"

அதிகாரி மிரண்டுபோனார். "அம்மா, இது துக்கக் கடிதம்" என்றார்.

"தெரியும் சார்!" என்று சொல்லி, அவள் சுண்டுவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். மகிழ்ச்சி அடையச் சொல்லும் அந்தப் பிரிவில் அப்படி நிஜமாக மகிழ்ச்சி அடைந்தவர்களை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு படி மீதி இருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "சில பிள்ளைங்களுக்கு அந்த முதல் வரி எண், டிடிஜி ஐஜிஏ, பத்து மடங்குக்கு மேல ஏறி, இன்னொரு தரம் எடுத்த ரத்தத்துலயும் உறுதியாச்சுன்னா ரத்தத்தை வெச்சே முடிவு பண்ணிடலாம். இவளுக்கு ஐஜிஏவே இல்லாததால அந்த வழி கிடையாது. மயக்கம் குடுத்து, வாய் வழியா மெல்லிசா குழாய் விட்டு, குடல்லேர்ந்து துளித்துளியா எடுத்துப் பார்த்துடலாம். வலிக்காது. அதுவரைக்கும் ரொட்டி."

"எத்தனை துண்டு?" என்று கேட்டாள் சுண்டு.

"ஒன்பது நாள் பாப்பா."

"பதினெட்டு. சரி."

பதினெட்டும் தின்றாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், உறுதியாயிற்று. இனி ஆயுசுக்கும் க்ளூட்டன் கூடாது. அரிசி, கிழங்கு, பழம், பால், முட்டை, மீன் எல்லாம் உண்டு. பொட்டலத்தில் வருவதென்றால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்து வாங்கவேண்டும். அதில் தராசக்காவுக்குச் சிரமமே இல்லை. இரண்டாவது வரியையும் படிக்கிற பழக்கம்தான் அவளுக்கு இருந்ததே.

ஆறு மாசம் கழித்து ரத்தம் பார்க்க மறுபடி போனார்கள். சுண்டு நன்றாக இருந்தாள், எண் இறங்கியிருந்தது, ஆகவே பச்சை. பச்சைக்கு டாக்டர் கிடையாது. தராசக்கா கவலைப்படவில்லை. கவுண்டரில் நின்று நாலு சந்தேகம் கேட்டாள், சிவப்பு வாங்கினாள், டாக்டரிடம் போனாள். பின்னால் நின்ற ஒரு தகப்பனார், "எப்படிங்க உள்ளே விட்டாங்க?" என்று காதோடு கேட்டார். அவள் காதோடு சொன்னாள். அவர் அடுத்தவரிடம் சொன்னார். ஒரு மாசத்தில் டாக்டர் வாசலில் பத்து நாற்காலியும் நிறைந்து, நடைபாதை எல்லாம் சந்தேகம் முற்றிய பெற்றோர்கள், துணைக்கு வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கப் பிரிவு அவசரமாகக் கூடியது. சந்தேகத்தின் இயல்பு அளவை மூன்றிலிருந்து முப்பதாக உயர்த்தியது. அடுத்த முறை தராசக்கா போனபோது வரிசையில் நின்ற எல்லார் கையிலும் நீளமான தாள், ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் போட்டு. முத்திரையம்மாவுக்கு எண்ணி எண்ணி விரல் வலித்தது. சிவப்பின் கைப்பிடியும் வழுவழுவென்றாகத் தொடங்கியிருந்தது.

அவள் பத்தொன்பதாவது கேள்வியில் இருந்தபோது மாடிப்படிப் பக்கம் தடதடவென்று சத்தம். மேல்மாடியிலிருந்து கைப்பிடிச் சட்டத்தில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு, "வழி, வழி!" என்று கத்தியபடி ஒரு பெண்பிள்ளை வந்தது. கீழே நின்ற அதிகாரியின் மேல் மோதி, அவரையும் அவர் கையிலிருந்த தாள்கட்டையும் ஒன்றாகத் தரையில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி மேலே ஓடியது.

"யார் பிள்ளைம்மா இது?" அதிகாரி கீழே உட்கார்ந்தபடியே அலறினார். சட்டை மடிப்பெல்லாம் கலைந்திருந்தது. "இப்படி ஓடுதே! அடக்குங்க! உட்கார வைங்க!"

"என் பிள்ளைதான் சார்" என்றாள் தராசக்கா.

அடக்கவில்லை.